வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?

ட்ரோப் கார்டுன்னு ஒண்ணு இருக்கு. லேப்ல வேலை பாக்குறவங்களுக்கு நல்லாத் தெரியும், வெளியில நிறைய பேருக்கு இப்பதான் தெரிய ஆரம்பிச்சிருக்கு. பாக்க அப்படியே ப்ரெக்னன்சி கார்டு மாதிரிதான். வெள்ளை பிளாஸ்டிக், நடுவுல சின்ன ஜன்னல், ஓரத்துல ரத்தம் விடுற குழி, ஜன்னலுக்குப் பக்கத்துல சி, டின்னு ரெண்டு எழுத்து. சில துளி ரத்தம் விட்டா செவப்பு மெல்ல ஜன்னலுக்குள்ள ஊர்ந்து போகும். சி பக்கத்துல கோடு வந்தா கார்டு வேலை செய்யுதுன்னு அர்த்தம், டி பக்கத்துலயும் கோடு வந்தா இதயத் தசை அடிபட்டிருக்கு, அதுல இருந்து ட்ரோபோனின்ங்கிற புரதம் ரத்தத்துல கசிஞ்சிருக்குன்னு அர்த்தம். 15 நிமிஷத்துல ரிசல்ட். பெரிய மெஷின் வேணாம், கரண்ட் கூட வேணாம்.

கேக்க எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க. இதனாலதான் சொல்றேன், எங்க லேப்ல இருக்கிறதுலயே ரொம்ப தப்பாப் புரிஞ்சுக்கப்பட்ட டெஸ்ட் இதுதான்.

நான் லேப் டெக்னீசியன். ஒரு ஜெனரல் டாக்டரோட கிளினிக்கை ஒட்டின சின்ன லேப். பெரிய ஊர் கிடையாது, கேத் லேப் (இதயக் குழாய் அடைப்பைத் திறக்குற இடம்) வேணும்னா ஒண்ணரை மணி நேரம் போகணும், அதுவும் ரோடு காலியா இருந்தா. நெஞ்சு வலின்னு வர்றவங்க நேரா கார்டியாலஜிஸ்ட்கிட்ட போறதில்ல, முதல்ல மெடிக்கல் ஷாப், அங்க ஒரு ஈனோ, ஒரு கேஸ் மாத்திரை, அதுக்கப்புறம் எங்க டாக்டர். இப்ப கொஞ்ச காலமா இன்னொரு ரூட்டும் சேந்திருக்கு, டாக்டரைப் பாக்காமலே நேரா என் கவுன்டருக்கு வந்து "அண்ணே, ஹார்ட் அட்டாக்கான்னு பாக்குற கார்டு இருக்காமே, அது ஒண்ணு போட்டுப் பாத்துடுங்க, ஒண்ணுமில்லேன்னா நாங்க கெளம்பிடுறோம்"ங்கிறாங்க. வீட்டுக்குப் போறதுக்கு ஒரு அனுமதிச் சீட்டு வேணும், அவ்ளோதான் அந்தக் கார்டுகிட்ட அவங்க கேக்குறது. அந்தச் சீட்டைத்தான் கார்டால குடுக்க முடியாது.

ஏன்னு சொல்றேன். இதயத்துக்குப் போற ரத்தக் குழாய் அடைச்ச உடனே ட்ரோபோனின் கொட்டிடாது. தசை சாக ஆரம்பிக்கணும், செல்லு உடையணும், உள்ள இருக்கிற புரதம் கசிஞ்சு ரத்தத்துல கலக்கணும், அது கார்டு கண்டுபிடிக்கிற அளவுக்கு ஏறணும். அதுக்கு 3, 4 மணி நேரம் ஆகும், சில பேருக்கு 6 கூட ஆகும். அதுக்கப்புறம் 12லேர்ந்து 24 மணி நேரத்துல உச்சத்துக்குப் போயி ஒரு வாரம், பத்து நாள் வரைக்கும் கூட ரத்தத்துல இருக்கும். அப்ப வலி வந்து அரை மணி நேரத்துல கார்டு போட்டா என்ன வரும்? நெகட்டிவ்தான் வரும். அட்டாக் இருந்தாலும் நெகட்டிவ், இல்லாட்டியும் நெகட்டிவ். பதட்டத்துல ஓடி வர்றவங்க எல்லாருமே இந்த நேரத்துலதான் வர்றாங்க.

எங்க ஊர்ல ஒரு பரோட்டா மாஸ்டர். ஐம்பது வயசைத் தாண்டினவரு, சுகர் கிடையாது, பீடி உண்டு. சாயந்திரம் கடை சூடு பிடிக்கிற நேரம், கல்லுக்கு முன்னாடி நிக்கும்போதே நெஞ்சுக்குள்ள அழுத்துதுன்னு உக்காந்துட்டாரு, உடம்பெல்லாம் வேர்வை. பரோட்டாக் கல்லுக்கு முன்னாடி நிக்கிறவரு வேர்த்துக் கொட்டினா யாரு கவனிப்பா? அக்கா பையன் ஒருத்தன் கூட வேலை பாக்குறான், அவன்தான் கவனிச்சு பைக்ல உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தான். அரை மணி நேரத்துக்குள்ள வந்துட்டாங்க. வந்தவன் டாக்டர் ரூமுக்குப் போகாம என்கிட்ட, "அண்ணே, மாமாவுக்கு அந்தக் கார்டு போடுங்க, வெறும் கேஸா இருக்கும், மத்தியானம் சாப்பிடவே இல்ல அவரு."

"தம்பி, முதல்ல உள்ள கூட்டிட்டுப் போ, இசிஜி எடுக்கட்டும்"னேன்.

"இசிஜி வேஸ்ட்டுண்ணே, நார்மல்னுதான் வரும், எங்க பெரியப்பாவுக்கு நார்மல்னு வந்துதான் மறுநாளே போயிட்டாரு."

அவன் சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு. அட்டாக் வந்த ஆளுக்கு முதல் இசிஜி நார்மலா வர்றது உண்டு, அதனாலதான் திரும்பத் திரும்ப எடுக்கணும்பாங்க. ஆனா மாஸ்டருக்கு அப்படி இல்ல. சிஸ்டர் லீடு மாட்டி பேப்பரை இழுத்ததும் டாக்டர் ஒரு செகண்டு கூட யோசிக்கல. ரெண்டு, மூணு, ஏ.வி.எஃப், அந்த மூணு லீடுலயும் எஸ்.டி. செக்மென்ட்ங்கிற கோட்டுப் பகுதி மேல தூக்கிட்டு நிக்குது, இதயத்தோட கீழ்ப்பக்கச் சுவர்ல அட்டாக். பி.பி. பாத்தாங்க, குறைவா இருந்துச்சு, அதனால நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையைத் தொடவே இல்ல (கீழ்ப்பக்க அட்டாக்ல வலது பக்கமும் சேந்து அடிபட்டிருந்தா அந்த மாத்திரை பி.பி.யை இன்னும் இறக்கிவிட்டுடும், வீட்ல வாங்கி வச்சுக்கிட்டு பக்கத்து வீட்டுக்காரருக்கெல்லாம் குடுக்குறவங்க இதைக் கொஞ்சம் மனசுல வைங்க). ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாடின் குடுத்து, ஊசிக்கு வெய்ன் போட்டு, இசிஜியை போட்டோ எடுத்து கேத் லேப் இருக்கிற ஆஸ்பத்திரி டாக்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, 108க்கு போன் பண்ணி, எல்லாம் கிடுகிடுன்னு நடக்குது. பையன் மட்டும் என் பக்கத்துல நின்னு "டெஸ்ட்டு எடுக்கலையேண்ணே, டெஸ்ட்டு எடுக்காமலே எப்படி அட்டாக்குன்னு சொல்றாங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்.

வெய்ன் போடும்போது எடுத்த ரத்தம் ஒரு ட்யூப் என்கிட்ட இருந்துச்சு. ஆம்புலன்ஸ் போனதுக்கப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுட்டு அதைக் கார்டுல விட்டேன், ரிப்போர்ட்டுக்காக இல்ல, பாக்குறதுக்காக. செவப்பு ஊர்ந்து போச்சு. சி பக்கத்துல பளிச்சுன்னு ஒரு கோடு. டி பக்கம் வெள்ளை. 15 நிமிஷம் முழுசா உக்காந்து பாத்தேன், லைட்டுக்குக் கீழ சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்தேன், மங்கலாக் கூட ஒண்ணும் இல்ல. அதே நேரத்துல அந்த மனுஷன் ஆம்புலன்ஸ்ல ஆக்ஸிஜன் மாஸ்க்கோட போய்க்கிட்டு இருக்காரு. பையன் கேட்ட மாதிரி முதல்லயே கார்டு போட்டுக் குடுத்திருந்தா நெகட்டிவ்னு டைப் பண்ணின பேப்பரை மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு மறுபடியும் கல்லுக்கு முன்னாடி போயி நின்னிருப்பாரு. (மாஸ்டர் பொழைச்சுக்கிட்டாரு, ஸ்டென்ட் வச்சாங்க, பீடியை விட்டாச்சுங்கிறாரு, நான் நம்பல.)

எஸ்.டி. தூக்கியிருக்கிற அட்டாக்குல ட்ரோபோனினுக்காகக் காத்திருக்கவே கூடாது, இது எங்க டாக்டர் சொந்தமாச் சொல்ற விஷயம் இல்ல, உலகம் முழுக்க கைட்லைன்ஸ் இதைத்தான் சொல்லுது. நோயாளி வந்து 10 நிமிஷத்துக்குள்ள இசிஜி. அதுல தெரிஞ்சுட்டா அடைப்பைத் திறக்குற வேலைக்குப் போயிடணும். இசிஜில ஒண்ணும் தெளிவா இல்லாதவங்களுக்குத்தான் ரத்த டெஸ்ட்.

இந்த ரத்த டெஸ்ட்டோட கதையே கொஞ்சம் சுவாரசியமானது. 1954ல அட்டாக் வந்தவங்க ரத்தத்துல எஸ்.ஜி.ஓ.டி. ஏறுதுன்னு கண்டுபிடிச்சாங்க, ஆமா, இன்னிக்கு லிவர் டெஸ்ட்னு நாம எடுக்குற அதே எஸ்.ஜி.ஓ.டி.தான். லிவருக்கும் ஏறும், தசைக்கும் ஏறும், அப்புறம் அதை வச்சு என்ன சொல்றது? பின்னாடி சி.கே.-எம்.பி. வந்துச்சு, எங்க செட்ல படிச்சவங்களுக்கு அதுதான் கார்டியாக் எஞ்சைம். 1989ல ஜெர்மனியில ஹைடல்பெர்க்ல ஹூகோ காட்டுஸ்ங்கிற டாக்டரும் அவர் டீமும் இதயத் தசையில மட்டும் இருக்கிற ட்ரோபோனின் டி-யை அளக்குற முறையைக் கொண்டு வந்தாங்க. 2000ல ஐரோப்பிய, அமெரிக்க இதய டாக்டர் சங்கங்க சேந்து ஹார்ட் அட்டாக்னா என்னன்னு புதுசா வரையறுத்தப்போ ட்ரோபோனினை நடுவுல வச்சாங்க. 2010ஐ ஒட்டி, ரொம்பக் கம்மி அளவையும் கண்டுபிடிக்கிற ஹை சென்சிடிவ் ட்ரோபோனின் டெஸ்ட் ஐரோப்பாவுல புழக்கத்துக்கு வந்துச்சு, அமெரிக்காவுல 2017லதான் அனுமதி கிடைச்சுது.

இந்த ஹை சென்சிடிவ்ங்கிறதுக்கும் நம்ம கார்டுக்கும் எவ்ளோ தூரம்னு ஒரு கணக்கு பாருங்க. ஹை சென்சிடிவ் ட்ரோபோனின் டி-யில லிட்டருக்கு 14 நானோகிராமைத் தாண்டினாலே கவனிக்கணும்பாங்க. பழைய ட்ரோப்-டி ஸ்ட்ரிப்ல கோடு விழணும்னா கிட்டத்தட்ட 100 நானோகிராம் இருக்கணும். சில கார்டுங்க அதுக்கும் மேல. அதாவது கார்டு பாசிட்டிவ் காட்டுறதுக்குள்ள தண்ணி தலைக்கு மேல போயிருக்கும். ரெண்டையும் ட்ரோபோனின்னு ஒரே பேர்ல ரிப்போர்ட்ல போடுறோம், நோயாளிக்கு வித்தியாசம் எப்படித் தெரியும், சில டாக்டர்களுக்கே தெரியறதில்ல, இதைச் சொன்னா சண்டைக்கு வருவாங்க, பரவால்ல.

அவ்ளோ நுணுக்கமான ஹை சென்சிடிவ் டெஸ்ட்டுக்கே ஐரோப்பாக்காரங்க ஒரு கண்டிஷன் வச்சிருக்காங்க. ஒரே ஒரு தடவை எடுத்து, ரொம்பக் கம்மியா இருந்தா அட்டாக் இல்லைன்னு சொல்லலாம், ஆனா வலி ஆரம்பிச்சு 3 மணி நேரம் தாண்டியிருக்கணும். தாண்டலைன்னா ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ கழிச்சு இன்னொரு தடவை எடுத்து, நம்பர் ஏறுதா இல்லையான்னு பாக்கணும். நாம 100க்குக் கீழ கண்ணே தெரியாத கார்டை, வலி வந்து அரை மணி நேரத்துல, ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு "ஒண்ணுமில்ல"ங்கிறோம்.

சரி, ஃபேமிலி டாக்டர் கிளினிக்ல இந்த ரத்த டெஸ்ட்டுக்கு இடமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. ஆனா நாம நெனைக்கிற இடத்துல இல்ல.

முதல்ல ஒரு விஷயம், ஜெனரல் கிளினிக்குக்கு நெஞ்சு வலின்னு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அட்டாக் கிடையாது. ஜெர்மனியில மார்பர்க் பக்கம் 74 ஃபேமிலி டாக்டர்கள்கிட்ட நெஞ்சு வலின்னு வந்தவங்களைப் பத்தி ஒரு ஆய்வு பண்ணினாங்க. 100க்கு 46 பேருக்கு மேல வெறும் நெஞ்சுக்கூட்டு வலி, தசைப்பிடிப்பு, எலும்பு சம்பந்தப்பட்டது. அட்டாக், இல்ல அட்டாக்குக்கு முந்தின ஸ்டேஜ்னு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது 3.6 சதவீதம்தான். அந்த டீமே ஒரு ஸ்கோர் உருவாக்கினாங்க, மொத்தம் அஞ்சே அஞ்சு கேள்வி: வயசு எவ்ளோ (ஆம்பளைன்னா 55லேர்ந்து மேல, பொம்பளைன்னா 65லேர்ந்து மேல), ஏற்கனவே ரத்தக்குழாய் வியாதி இருக்கா, நடந்தா வேலை செஞ்சா வலி கூடுதா, கையால அழுத்தினா வலிக்காம இருக்கா, அஞ்சாவதுதான் அழகு, இது ஹார்ட் சம்பந்தப்பட்டதுன்னு நோயாளியே நெனைக்கிறாரா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க்கு. 3 வந்தா உஷாராகணும்.

அந்த அஞ்சாவது கேள்விக்கு நம்ம ஆளுங்க யாராச்சும் மார்க் வாங்குவாங்களா சொல்லுங்க? வேர்த்து, வெளுத்து, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வருவாரு, "கேஸ்தான் டாக்டர், நேத்து நைட்டு கொஞ்சம் ஹெவியா சாப்ட்டேன்"ம்பாரு. வீட்டம்மா பின்னாடி நின்னு "ஓமத்தண்ணி குடுத்தேன், ஏப்பம் வந்துச்சு, அப்புறம் கொஞ்சம் தேவலைன்னாரு"ம்பாங்க. அதனால எங்க டாக்டர் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேப்பாரு, "இதுக்கு முன்னாடி உங்களுக்கு வந்த கேஸ் வலி இப்படித்தான் இருந்துச்சா?"ன்னு. அதுக்குத்தான் ஆளுங்க யோசிச்சு உண்மையைச் சொல்லுவாங்க. "இல்ல டாக்டர், இது வேற மாதிரி இருக்கு."

அடுத்தது லேட்டா வர்றவங்க. கார்டு உண்மையிலேயே உதவுறது இவங்களுக்குத்தான். சனிக்கிழமை ராத்திரி கல்யாண வீட்டுல நெஞ்சு அழுத்தியிருக்கும், மறுநாள் அலுப்புன்னு படுத்துக் கெடந்திருப்பாங்க, திங்கக்கிழமை "ஏதோ ஒரு மாதிரி இருக்கு டாக்டர், மாடி ஏறினா மூச்சு வாங்குது"ன்னு வருவாங்க. சுகர்காரங்க, வயசான பொம்பளைங்க இவங்களுக்கெல்லாம் வலியே பெருசா இருக்காது, வேர்வை, மூச்சு வாங்கல், வாந்தி, அவ்ளோதான். இசிஜி பாத்தா புதுசா பழசான்னு சொல்ல முடியாத மாற்றம். அப்ப கார்டு போட்டா சில நேரம் ரெண்டு நிமிஷத்துலயே டி கோடு செவ செவன்னு வந்து நிக்கும், சி கோட்டை விட அழுத்தமா. அந்தப் பேப்பரைக் காட்டினாத்தான் "வீட்டுக்குப் போயி நாளைக்கு வர்றோம்"ங்கிற குடும்பம் வண்டி பிடிக்கும். இங்கிலாந்துல டாக்டர்களுக்கு வழிமுறை வகுக்குற நைஸ் அமைப்போட கைட்லைன்லயும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், வலி 72 மணி நேரத்துக்குள்ள வந்ததுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரியில பாக்கணும், இப்ப வலிச்சுக்கிட்டே இருந்தா எமர்ஜென்சி. 72 மணி நேரம் தாண்டி வந்தா ஃபேமிலி டாக்டரே இசிஜியும் ட்ரோபோனினும் பாத்து, எத்தனை நாளாச்சுங்கிறதையும் சேத்து யோசிச்சு முடிவெடுக்கலாம்.

இன்னொண்ணு, ஆஸ்பத்திரிக்கு வெளியிலயே ஒழுங்கா செய்ய முடியுமான்னு கேட்டா முடியும்னு காட்டியிருக்காங்க. நார்வேல ஆஸ்லோ நகரத்து அவசர கிளினிக்ல 1,711 பேருக்கு ஹை சென்சிடிவ் ட்ரோபோனினை ஒரு மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை எடுத்தாங்க, அதுல முக்கால்வாசிப் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமலே அட்டாக் இல்லைன்னு சொல்ல முடிஞ்சுது. நெதர்லாந்துல ஆர்ட்டிகான்னு ஒரு ஆய்வு, 2023ல வெளியாச்சு. ஆம்புலன்ஸ்காரங்களே வீட்ல வச்சு ட்ரோபோனின் பாத்து, கம்மியா இருந்தா ஃபேமிலி டாக்டர்கிட்ட ஒப்படைச்சுட்டு வந்துடுறது. செலவு நல்லாவே குறைஞ்சுது. ஆனா யாரைச் சேத்தாங்கன்னு பாக்கணும்ல, இசிஜி, வயசு, மத்த ஆபத்தெல்லாம் பாத்து ரிஸ்க் கம்மின்னு தெரிஞ்சவங்களை மட்டும்தான், அதுவும் வலி ஆரம்பிச்சு குறைஞ்சது 2 மணி நேரம் ஆனவங்களை. இப்ப விரல் நுனியில குத்தி எடுக்குற ரத்தத்துலயே 8 நிமிஷத்துல ஹை சென்சிடிவ் ரிசல்ட் குடுக்குற கைக்கருவி கூட வந்திருக்கு. அது எங்க ஊருக்கு வந்தாலும் கவுன்டர்ல நான் கேக்கப் போற முதல் கேள்வி மாறாது.

பாசிட்டிவ் வந்தா மட்டும் எல்லாம் தெளிவுன்னும் இல்ல. டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு ட்ரோபோனின் எப்பவுமே கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், அவங்களுக்கு ஒரு நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஏறுதா எறங்குதாங்கிறதுதான் முக்கியம். நுரையீரல்ல ரத்தம் கட்டினாலும் ஏறும், உடம்பு முழுக்க இன்ஃபெக்‌ஷன் பரவினாலும் ஏறும், இதயத் தசையில வீக்கம்னாலும் ஏறும். எதிர்ப்பக்கமா, முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை பெரிய டோஸ்ல சாப்பிடுறவங்களுக்கு சில மெஷின்ல ட்ரோபோனின் பொய்யாக் குறைஞ்சு காட்டும், 2017லயே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டுச்சு. நான் இப்ப எல்லார்கிட்டயும் கேட்டுடுறேன், முடிக்கு மாத்திரை எடுக்குறீங்களான்னு. நெஞ்சு வலியோட வந்தவங்ககிட்ட முடியைப் பத்திக் கேட்டா ஒரு மாதிரிதான் பாக்குறாங்க.

எங்க லேப்ல நான் பண்ணின மாற்றம் சின்னதுதான். ட்ரோப் ரிப்போர்ட்ல ரிசல்ட்டுக்கு மேல ரெண்டு லைன் சேத்தேன்: வலி ஆரம்பிச்ச நேரம், ரத்தம் எடுத்த நேரம். இடைவெளி 6 மணி நேரத்துக்குக் கீழன்னா "இந்த நெகட்டிவை வச்சு முடிவெடுக்க வேண்டாம், திரும்ப எடுக்கணும்"னு தமிழ்லயே ஒரு வரி. டாக்டர் சீட்டு இல்லாம, இசிஜி எடுக்காம கார்டு போடுறதில்ல. ரெண்டாவது கார்டுன்னு சொன்னாலே முதல்ல பிரச்சனை வந்துச்சு, "அப்ப முதல்ல எடுத்தது சரியில்லையா, எதுக்கு ரெண்டு தடவை காசு"ன்னு. நியாயமான கேள்விதான், ஒரு கார்டே ஆயிரம் ரூபாயை ஒட்டி வருது. அதனால ரெண்டாவதுக்கு எனக்கு அடங்குற விலை மட்டும் வாங்குறேன். பக்கத்துத் தெரு லேப்ல சீட்டும் கேக்கறதில்ல, நேரமும் கேக்கறதில்ல, அங்க போறவங்க போறாங்க.

தமிழ்நாட்டுல அட்டாக் விஷயத்துல நிஜமா உயிரைக் காப்பாத்தினது எதுன்னு பாத்தா அதுல ரத்த டெஸ்ட்டே இல்ல. 2012லேர்ந்து 2014 வரைக்கும் 4 பெரிய ஆஸ்பத்திரிகளையும் அதைச் சுத்தி 35 சின்ன ஆஸ்பத்திரிகளையும் இணைச்சு ஒரு ஏற்பாடு பண்ணினாங்க, சின்ன ஆஸ்பத்திரியில இசிஜி எடுத்து அனுப்புறது, அங்கயே குழாயை அடைச்ச ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடுறது, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்துறது. ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க 17.6 சதவீதத்துல இருந்து 14.2க்குக் குறைஞ்சாங்க. 2023 ஜூன்ல அரசு இதயம் காப்போம் திட்டம்னு கொண்டு வந்துச்சு. 2,286 ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் 8,713 துணை சுகாதார நிலையத்துலயும் ஒரு ஆளுக்கு 14 மாத்திரைங்கிற கணக்குல வச்சிருக்கணும், ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டாடின் 8. அட்டாக்னு சந்தேகம் வந்தா அதைக் குடுத்துட்டு மேல அனுப்புறது. எங்க டாக்டர் மாஸ்டருக்குக் குடுத்ததும் இதே மூணுதான்.

இதைப் படிச்சுட்டு யாராச்சும் கண்டிப்பாக் கேப்பீங்க, ஆன்லைன்ல கார்டு கெடைக்குதே, வீட்ல ஒண்ணு வாங்கி வச்சுக்கலாமான்னு. என் மச்சானே கேட்டான். வேணாம்னேன். ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்து, கார்டைத் தேடி எடுத்து, கவரைப் பிரிச்சு, விரலைக் குத்தி, 15 நிமிஷம் ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்து, நெகட்டிவ்னு வந்ததும் அப்பாடான்னு படுத்துடுவீங்க, அதுக்குத்தான் அது ஆகும். அதுக்குப் பதிலா உங்க வீட்டுலேர்ந்து பக்கத்துல ராத்திரி இசிஜி எடுக்குற இடம் எது, கட்டி கரைக்கிற ஊசி போடுற ஆஸ்பத்திரி எது, கேத் லேப் எங்க இருக்குன்னு இன்னிக்கே விசாரிச்சு போன் நம்பரோட ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வைங்க. வலி வந்தா மணி என்னன்னு பாத்துட்டு 108க்கு அடிங்க. மச்சான் கார்டு வாங்கலை. லிஸ்ட்டும் இன்னும் ஒட்டலை, போன வாரம் போனப்போ நானே ஒட்டிட்டு வந்தேன்.